பாசில் டேவிட்சன்: பாராசூட்டில் குதித்தவர் ஆப்பிரிக்க வரலாறு எழுதிய கதை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஆப்பிரிக்கா பற்றி எங்கே பேச்சு வந்தாலும் நான் பாசில் டேவிட்சன் பெயரைச் சொல்லிவிடுவேன். உடனே நண்பர்கள் வழக்கமான கேள்விகளைக் கேட்பார்கள். யார் அவர், வெள்ளைக்காரர் எழுதிய ஆப்பிரிக்க வரலாற்றை ஏன் படிக்க வேண்டும், ராணுவத்தில் இருந்தவருக்கு வரலாற்றில் என்ன வேலை என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. சில கேள்விகளுக்கு நீளமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். அவை என் மனதுக்கு நெருக்கமானவை.

யார் இந்த பாசில் டேவிட்சன்?

1914 நவம்பர் 9 அன்று இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் எதிரிப் படைகளின் பின்புறத்தில் கெரில்லாக்களோடு இருந்த பிரிட்டிஷ் அதிகாரி. லெப்டினன்ட் கர்னல் பதவி வரை உயர்ந்து, மிலிட்டரி கிராஸ் விருது பெற்றவர். போருக்கு முன்னும் பின்னும் பத்திரிகையாளர். 1950களிலிருந்து ஆப்பிரிக்காவின் வரலாற்றையும் அரசியலையும் எழுதுவதே அவர் வாழ்க்கையாகிவிட்டது. முப்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். 2010 ஜூலை 9 அன்று, 95 வயதில் காலமானார்.

எந்தப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தார்?

எங்கும் படிக்கவில்லை. பதினாறு வயதில் பள்ளியை விட்டவர். வடக்கு இங்கிலாந்தில் கடைகடையாக ஏறி, கண்ணாடி ஜன்னல்களில் வாழைப்பழ விளம்பரம் ஒட்டுவது அவர் பார்த்த முதல் வேலைகளில் ஒன்று. எழுத்தாளராக வேண்டும் என்று லண்டன் வந்து, பத்திரிகைகளில் நுழைந்து, 1930களின் கடைசியில் 'தி எகனாமிஸ்ட்' இதழுக்கு எழுதிக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் கானாவிலும் அமெரிக்காவிலும் பல்கலைக்கழகங்கள் அவரை வருகைப் பேராசிரியராக அழைத்தன. பட்டம் இல்லாத மனிதர் எழுதிய பாடநூல்களைப் படித்து மேற்கு ஆப்பிரிக்காவில் பல மாணவர்கள் தேர்வு எழுதினார்கள்.

போரில் அவருக்கு என்ன வேலை?

1939 டிசம்பரில் பிரிட்டிஷ் உளவுத்துறை அவரைச் சேர்த்துக்கொண்டு ஹங்கேரியின் புடாபெஸ்டுக்கு அனுப்பியது. வெளியில் பார்த்தால் செய்தி நிறுவனம் நடத்துபவர். உள்ளே நாசவேலைக்கான ஏற்பாடு. பிரிட்டிஷ் தூதரகத்தின் நிலவறையிலேயே வெடிமருந்தை மறைத்து வைத்திருந்தார்கள். அதைக் கண்டுபிடித்த தூதர் கொதித்துப்போய், எல்லாவற்றையும் அள்ளி டான்யூப் ஆற்றில் கொட்ட வைத்தார்.

1941 வசந்தத்தில் நாஜிகள் பால்கன் பகுதிக்குள் பாய்ந்தபோது பெல்கிரேடுக்குத் தப்பினார். பிறகு இத்தாலியப் படையிடம் சிக்கி, கைதிகள் பரிமாற்றத்தில் விடுபட்டார். 1942 கடைசியில் கெய்ரோவில் உட்கார்ந்து, பிரிட்டனின் ரகசியப் போர் அமைப்பில் யூகோஸ்லாவியப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று யூகோஸ்லாவியாவின் பாஸ்னியாவில் பாராசூட்டில் குதித்தார்.

கெய்ரோவில் அவர் டிட்டோவுக்குச் சாதகமாக வேலை பார்த்தார் என்கிறார்களே?

பிரச்சினை இதுதான். யூகோஸ்லாவியாவில் இரண்டு எதிர்ப்புப் படைகள் இருந்தன. ஒன்று மிஹாய்லோவிச் தலைமையில் அரச ஆதரவு செட்னிக்குகள். மற்றது கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோவின் கெரில்லாக்களான பார்ட்டிசான்கள். பிரிட்டன் முதலில் மிஹாய்லோவிச்சுக்கு மட்டும்தான் ஆயுதம் போட்டது. ஆனால் இடைமறித்துக் கேட்ட ஜெர்மன் தகவல்களைப் படித்தால், ஜெர்மன் படைகளைத் திணறடிப்பவர்கள் பார்ட்டிசான்கள் என்று தெரிந்தது. 1943 ஜனவரியில் சர்ச்சில் கெய்ரோ வந்தபோது இந்த விவரம் அவர் கைக்குப் போனது. கொள்கை மெதுவாகத் திரும்பத் தொடங்கியது.

அதே அலுவலகத்தில் ஜேம்ஸ் கிளக்மன் என்ற தீவிரக் கம்யூனிஸ்ட் வேலை பார்த்தார் என்பதால், கோப்புகளையே திரித்துவிட்டார்கள் என்று பின்னாளில் சிலர் எழுதினார்கள். எனக்கு அது எடுபடவில்லை. சர்ச்சிலுக்குப் போன விவரத்துக்கு ஆதாரம் ஜெர்மானியர்களே தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட செய்திகள். பிறகு யூகோஸ்லாவியா போன பிரிட்டிஷ் அதிகாரிகள் பலரும் அதையே கண்ணால் பார்த்து எழுதியனுப்பினார்கள். அவர்களில் கன்சர்வேட்டிவ் எம்பியான ஃபிட்ஸ்ராய் மெக்ளீனும் உண்டு.

ஃப்ருஷ்கா கோரா என்று நீங்கள் அடிக்கடி சொல்கிறீர்கள். அங்கே என்ன நடந்தது?

என்னைப் பொறுத்தவரை அவருடைய உண்மையான பள்ளிக்கூடம் அந்த இடம்தான்.

ஹங்கேரிக்குள் நுழைந்து அங்கே எதிர்ப்பைக் கிளப்ப வேண்டும் என்பதே அவருக்குத் தரப்பட்ட பணி. அது கைகூடவில்லை. அதனால் டான்யூபுக்குத் தெற்கே, ஸ்ரேம் என்ற சமவெளிப் பகுதியில் ஓராண்டுக்கும் மேல் பார்ட்டிசான்களோடு தங்கினார். அந்தச் சமவெளி நடுவே ஃப்ருஷ்கா கோரா என்ற குன்றுத் தொடர் கிடக்கிறது. அதன் உச்சியே 539 மீட்டர்தான். நம் ஊர்க் கணக்கில் மலை என்று சொல்லவே யோசிப்போம். சுற்றிலும் மக்காச்சோள வயல். வடக்கே ஆறு. தெற்கே ஜெர்மானியர்களுக்கு உயிர்நாடியான ரயில் பாதை. கெரில்லாப் போருக்கு அடர்ந்த மலை வேண்டும் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். இங்கே அது இல்லை.

அப்படியானால் எங்கே ஒளிந்தார்கள்? மண்ணுக்குள். வீட்டடியிலும் வயலிலும் குழி வெட்டி, மேலே பலகை போட்டு மூடி, அதன்மேல் மண்ணும் வைக்கோலும் பரப்பிவிடுவார்கள். அவற்றை 'பாசா' என்பார்கள். வெட்டிய மண்ணை இரவோடு இரவாக எங்காவது கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். புது மண் குவியல் கண்ணில் பட்டால் காரியம் கெட்டது. கோடையில் ஆள் உயரச் சோளம் மறைத்துக்கொள்ளும். பனிக்காலத்தில் ஒரே ஒரு காலடித் தடம் காட்டிக் கொடுத்துவிடும். குழி இருக்கும் இடம் அந்த வீட்டுக்காரருக்குத் தெரியும், அண்டை வீட்டாருக்கும் பெரும்பாலும் தெரியும். ஒருவர் வாய் திறந்தால் ஊரே எரியும். எரிந்த ஊர்களும் உண்டு. அப்படியும் கதவைத் திறந்தார்கள், ரொட்டி கொடுத்தார்கள்.

ஜெர்மன் அறிக்கைகளில் இந்த ஜனங்களுக்கு வைத்த பெயர் 'கொள்ளைக்காரர்கள்'. லண்டன் வரைபடத்தில் இவர்களுக்குப் பெயரே இல்லை. படிப்பறிவில்லாத விவசாயிகள் என்று எல்லோரும் ஒதுக்கிய அந்த ஜனங்கள், தங்களுக்குள் குழு அமைத்துத் தானியம் பங்கிட்டு, வழக்குத் தீர்த்து, பள்ளி நடத்தியதை டேவிட்சன் பார்த்தார். போர் முடிந்த கையோடு 1946ல் அதைப் புத்தகமாக எழுதினார். 'இவர்களுக்கு ஆளத் தெரியாது' என்று மேலிடம் சொல்வதை அதற்குப் பிறகு அவர் எங்கும் நம்பவில்லை. ஆப்பிரிக்காவிலும்தான்.

இத்தாலிக்கும் போனாரா?

ஆமாம். 1945 தொடக்கத்தில் லிகூரியா மலைகளில் இத்தாலிய எதிர்ப்புப் படையோடு இணைப்பு அதிகாரியாக இருந்தார். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஜெனோவா நகரில் ஜெர்மன் தளபதி மைன்ஹோல்ட், நேச நாட்டு ராணுவம் வந்து சேருவதற்கு முன்பே, உள்ளூர் விடுதலைக் குழுவிடம் சரணடைந்தார். சரண் பத்திரத்தை வாங்கியவர் ரெமோ ஸ்காப்பினி என்ற தொழிலாளி. டேவிட்சன் அப்போது அந்த நகரில் இருந்தார்.

போர் முடிந்தபின் ஏன் ஐரோப்பாவை விட்டார்?

ஐரோப்பாதான் அவரை விட்டது என்பேன். 'தி டைம்ஸ்' நாளிதழில் பாரிஸ் நிருபராகவும் பிறகு வெளிநாட்டு விவகாரத் தலையங்கம் எழுதுபவராகவும் இருந்தார். பனிப்போர் வந்துவிட்டது. பார்ட்டிசான்களோடு பழகியவர் என்பதால் லண்டனில் இவரைக் கம்யூனிஸ்ட் அனுதாபி என்று சந்தேகித்தார்கள். 1949ல் புடாபெஸ்டில் ஹங்கேரியின் கம்யூனிஸ்ட் அரசு தன் முன்னாள் அமைச்சர் லாஸ்லோ ராய்க் மீது நடத்திய போலி விசாரணையிலோ, இவர் பிரிட்டிஷ் உளவாளி என்று பெயர் இழுக்கப்பட்டது. இரண்டு பக்கமும் கதவு சாத்தியாகிவிட்டது. அவருக்கு மொழி தெரிந்த, மனிதர்கள் தெரிந்த கிழக்கு ஐரோப்பாவுக்குள் காலெடுத்து வைக்க முடியாத நிலை.

அந்த ஆண்டே டைம்ஸை விட்டு, ஜனநாயகக் கட்டுப்பாட்டு ஒன்றியம் என்ற அமைப்பின் செயலாளர் ஆனார். 'நியூ ஸ்டேட்ஸ்மன்' இதழிலும் எழுதினார். அந்த ஒன்றியத்தின் முதல் செயலாளர் ஈ. டி. மோரல். காங்கோவில் பெல்ஜிய மன்னர் லியோபோல்ட் ரப்பருக்காக நடத்திய கொடுமைகளை உலகத்துக்கு அம்பலப்படுத்தியவர் அவர்.

முதலில் ஆப்பிரிக்காவில் எங்கே போனார்?

நிருபராக அவர் சென்ற முதல் பெரிய பயணம் 1951ல் தென்னாப்பிரிக்காவுக்கு. நிறவெறிக் கொள்கை கொண்ட தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒவ்வொரு மனிதரையும் இனவாரியாகப் பதிவு செய்யும் சட்டமும், யார் எந்தப் பகுதியில் வசிக்கலாம் என்று பிரிக்கும் சட்டமும் 1950ல்தான் வந்திருந்தன. பார்த்ததை 1952ல் புத்தகமாக எழுதினார். பலன், தென்னாப்பிரிக்கா அவரை உள்ளே வரக்கூடாதவர் என்று அறிவித்தது.

அடுத்து பெல்ஜியம் காங்கோவும் போர்ச்சுக்கல் வசமிருந்த அங்கோலாவும். அங்கோலாவில் 'ஒப்பந்தத் தொழிலாளி' என்று பெயர் வைத்து, கிராமத்து ஆண்களை நிர்வாகமே பிடித்துத் தோட்டங்களுக்கும் சாலை வேலைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. அடிமை முறை ஒழிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அதையும் எழுதினார். அந்தக் கதவும் மூடியது.

"ஆப்பிரிக்காவுக்கு வரலாறே இல்லை" என்று உண்மையிலேயே படித்தவர்கள் சொன்னார்களா?

சொன்னார்கள். ஆப்பிரிக்கா உலக வரலாற்றின் பகுதியே அல்ல என்று 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் தத்துவஞானி ஹெகல் சொன்னார். சரி, பழைய காலம் என்று விட்டுவிடலாம். ஆனால் 1963ல் ஆக்ஸ்போர்டு வரலாற்றுப் பேராசிரியர் ஹியூ டிரெவர்-ரோப்பர், ஆப்பிரிக்காவில் ஐரோப்பியர்களின் வரலாறு மட்டும்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் இருட்டு என்ற பொருளில் பேசினார். டேவிட்சன் பழைய ஆப்பிரிக்காவைப் பற்றிய தன் புத்தகத்தை வெளியிட்டு அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பேராசிரியர் அதைப் புரட்டிப் பார்த்திருந்தால் போதும்.

அந்தப் புத்தகத்தில் அப்படி என்ன இருந்தது?

நைல் கரையில் இரும்பு உருக்கிய மெரோவே. எத்தியோப்பியாவில் நாணயம் அச்சடித்த அக்சும் அரசு. 1324ல் மக்காவுக்குப் புனிதப் பயணம் போகும் வழியில் கெய்ரோவில் தங்கத்தை வாரி இறைத்த மாலி அரசர் மன்சா மூசா. 1331ல் பயணி இபின் பட்டூட்டா நேரில் கண்டு வியந்த, கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் கில்வா துறைமுகம். அகழ்வாய்வாளர்கள், மொழியறிஞர்கள் என்று பலரும் தனித்தனியாகத் தொழில் இதழ்களில் எழுதிப் புதைத்து வைத்திருந்ததை அவர் வெளியே எடுத்து, ஒரே கதையாகக் கோத்து, சாதாரண வாசகரிடம் கொடுத்தார். அதற்குப் பத்திரிகையாளர் கை வேண்டியிருந்தது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது, ஆப்பிரிக்காவின் தெற்கே கல் இடிபாடாக நிற்கும் பெரிய ஜிம்பாப்வே. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கல் கட்டடம். சுண்ணாம்பு இல்லை, சேறு இல்லை, பூச்சே கிடையாது. பெரிய சுற்றுமதிலின் சுற்றளவு சுமார் 250 மீட்டர். சில இடங்களில் 11 மீட்டர் உயரம். அங்குள்ள கருங்கல் பாறைகள் பகல் வெயிலில் விரிந்து, இரவுக் குளிரில் சுருங்கி, வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகக் கழன்றுவரும். அந்தப் பலகைகளைச் செங்கல் அளவுக்கு உடைத்து, வரிசை பிசகாமல் அடுக்கியிருக்கிறார்கள். காலத்தால் பிற்பட்ட சுவரில் அடுக்கு நேர்த்தியாக இருக்கும். முற்பட்டதில் சற்றுக் கோணலாக இருக்கும். கைத்தொழில் தலைமுறை தலைமுறையாக அதே மண்ணில் தேர்ந்து வந்ததைச் சுவரே காட்டுகிறது. கட்டிய காலம் 11 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை. கட்டியவர்கள் ஷோனா மக்களின் முன்னோர்.

1871ல் அங்கே வந்த ஜெர்மானியர் கார்ல் மவுக், இது பைபிளில் வரும் ஷீபா ராணியின் அரண்மனை என்று முடிவு கட்டினார். வெள்ளைக் குடியேறிகளுக்கு அது இனித்தது. பின்னர் 1902 முதல் 1904 வரை அதற்குப் பொறுப்பாக இருந்த ரிச்சர்ட் ஹால், ஆப்பிரிக்கர் வாழ்ந்த அடுக்குகளைக் குப்பை என்று தோண்டி வெளியே எறிந்தார். அடியில் பழங்கால மத்தியதரைக் கடல் வணிகர்களான ஃபினீசியர்களின் தடயம் கிடைக்கும் என்று நம்பினார். வரலாற்றுச் சான்றையே மண்வெட்டியால் அள்ளிக் கொட்டியதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. 1905ல் ராண்டல்-மெக்ஐவரும், 1929ல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சனும் தோண்டிப் பார்த்து, இது ஆப்பிரிக்கர்களே கட்டியது என்று உறுதியாகச் சொன்னார்கள். ஆனால் அவர்கள் எழுதியது நிபுணர் வட்டத்தோடு நின்றது. டேவிட்சன் அதை ஊரறியச் செய்தார். அப்போது ரொடீசியா என்று அழைக்கப்பட்ட அந்த நாட்டின் வெள்ளை அரசு கடைசிவரை இந்த உண்மையை அமுக்கவே பார்த்தது. பீட்டர் கார்லேக் என்ற தொல்லியலாளர் 1970ல் நாட்டை விட்டே போக வேண்டியிருந்தது. 1980ல் விடுதலை வந்தபோது அந்த நாடு அந்தக் கற்களின் பெயரையே தன் பெயராகச் சூடிக்கொண்டது.

இன்னொரு செய்தி. அந்த இடிபாடுகளில் சீனப் பீங்கான் ஓடுகளோடு இந்தியக் கண்ணாடி மணிகளும் கிடைத்தன. பருவக்காற்றில் பாய் விரித்துப் போன கப்பல்கள் மணியைக் கொடுத்துத் தங்கமும் தந்தமும் வாங்கி வந்த கடல் அது. இந்தியப் பெருங்கடலின் இந்தக் கரையில் இருக்கும் நாம் அந்த வரலாற்றை அந்நியமாகப் படிக்கத் தேவையில்லை.

அடிமை வணிகம் பற்றி எழுதினாரா?

1961ல் அதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் துயரத்தோடு, அந்த வணிகம் ஆப்பிரிக்க அரசுகளையும் சந்தைகளையும் உள்ளிருந்து எப்படிக் குலைத்தது, அங்கிருந்த அரசர்கள் அதில் எப்படிக் கூட்டாளிகளானார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதினார்.

அமில்கார் கப்ராலோடு அவருக்கு எப்படிப் பழக்கம்?

கப்ரால், மேற்கு ஆப்பிரிக்காவில் போர்ச்சுக்கல் வசமிருந்த கினி-பிசாவ், கேப் வெர்டே இரண்டின் விடுதலை இயக்கத் தலைவர். தொழிலால் வேளாண் பொறியாளர். 1953ல் போர்ச்சுக்கல் அரசுக்காகக் கினி-பிசாவின் விவசாயக் கணக்கெடுப்பை நடத்தியவர். எந்த ஊரில் யார், எவ்வளவு நெல் விளைவிக்கிறார்கள் என்று அவருக்கு அத்துபடி. 1963 ஜனவரியில் ஆயுதப் போராட்டம் தொடங்கியது. டேவிட்சன் 1967ல் உள்ளே போனார்.

சதுப்பு நிலம், அலையாத்திக் காடு, ஓதம் ஏறி இறங்கும் கழிமுகங்கள். கொஞ்ச தூரம் படகு, மிச்சம் நடை. மேலே போர்ச்சுகீசிய விமானம். ஐம்பதைத் தாண்டிய அந்த முன்னாள் அதிகாரி அங்கே தேடிப் பார்த்தது துப்பாக்கிகளை விட மற்றவற்றைத்தான். மரத்தடிப் பள்ளிக்கூடம், மருத்துவக் குடில், நெல்லைக் கொடுத்துத் துணியும் மண்வெட்டியும் வாங்கிக்கொள்ளும் மக்கள் கடை. ஸ்ரேமில் கண்டது இங்கே வேறு நிறத்தில் நடந்துகொண்டிருந்தது. போர்ச்சுக்கல் அரசு இவர்களைப் 'பயங்கரவாதிகள்' என்றது. அப்படிப்பட்ட வார்த்தையை யார், எப்போது, எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று அவருக்கு 1943லிருந்தே தெரியும்.

மக்களிடம் பொய் சொல்லாதீர்கள், சுலபமான வெற்றியைக் கொண்டாடாதீர்கள் என்று கப்ரால் தன் தோழர்களுக்கு எழுதிய வரி புகழ்பெற்றது. டேவிட்சன் கினி பற்றி எழுதிய புத்தகத்துக்கு முன்னுரை தந்தவரும் கப்ரால்தான். 1973 ஜனவரி 20 அன்று பக்கத்து நாட்டின் தலைநகரான கொனாக்ரியில் கப்ரால் கொல்லப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் கினி-பிசாவ் விடுதலையை அறிவித்தது. அடுத்த ஏப்ரலில் போர்ச்சுக்கலின் சர்வாதிகாரமே கவிழ்ந்தது.

மொசாம்பிக்கில் ஃப்ரெலிமோ என்ற விடுதலை இயக்கம் 1968ல் காட்டுக்குள் நடத்திய மாநாட்டுக்கும் போனார். 1970ல் அங்கோலாவின் கிழக்குப் பகுதியில் எம்பிஎல்ஏ என்ற விடுதலை இயக்கத்தின் படையோடு நூற்றுக்கணக்கான மைல் நடந்தார்.

ஒரு தரப்போடு நடந்து போகிறவர் நடுநிலையான பத்திரிகையாளரா?

நடுநிலை என்று அவர் சொல்லிக்கொண்டதே இல்லை. எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுவார். அப்போது கினியைப் பற்றி வந்த செய்திகளில் பெரும்பாலானவை தலைநகரில் ராணுவம் கொடுத்த அறிக்கையை வைத்து எழுதப்பட்டவை. அவற்றை யாரும் ஒருதலைப்பட்சம் என்று சொல்லவில்லை. காலில் சேறு படாமல் எழுதுவதைவிட, தன் சார்பை மறைக்காமல் பார்த்ததை எழுதியவரைத்தான் நான் நம்புவேன்.

அப்படியானால் அவர் எதிலும் தவறவில்லையா?

தவறினார். விடுதலை இயக்கங்களின் மீது அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்தார். காட்டில் மக்களோடு இருந்த தலைவர்கள் தலைநகருக்கு வந்து நாற்காலியில் அமர்ந்ததும் எப்படி மாறுவார்கள் என்று அவருடைய 1960, 70களின் எழுத்தில் முன்னெச்சரிக்கை குறைவு. அங்கோலாவில் 1975ல் விடுதலையோடு உள்நாட்டுப் போரும் வந்தது. அது 2002 வரை ஓயவில்லை. கினி-பிசாவில் 1980ல் ராணுவக் கவிழ்ப்பு நடந்து, கேப் வெர்டேயோடு ஒன்றிணையும் கனவும் கலைந்தது. பழைய அரசுகளின் பெருமையைச் சொல்லும்போது அங்கிருந்த ஏற்றத்தாழ்வைச் சற்று மென்மையாகத் தொட்டுப் போகிறார் என்ற விமர்சனமும் நியாயமானதே. வரலாறே இல்லை என்று சொல்பவர்களோடு வாதாடிக்கொண்டிருந்தவர் பெருமைப் பக்கம் சாய்ந்தது புரிகிறது. ஆனாலும் படிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தவறை அவர் ஒப்புக்கொண்டாரா?

1992ல், எழுபத்தேழு வயதில், அதற்கு ஒரு முழுப் புத்தகமே எழுதினார். காலனி எல்லைகளையும் காலனி நிர்வாகத்தையும் அப்படியே வாங்கிக்கொண்டு அதற்குத் தேசம் என்று பெயர் வைத்ததுதான் விடுதலை பெற்ற ஆப்பிரிக்காவின் கழுத்தில் விழுந்த சுருக்கு என்பது அதன் வாதம். தன்னை ஆளத் தெரிந்த ஊர்ச் சபைகளும் பழைய அரசியல் மரபுகளும் கழித்துக்கட்டப்பட்டன என்றார். கிழக்கு ஐரோப்பாவையும் பக்கத்தில் வைத்துப் பேசினார். அப்போது யூகோஸ்லாவியா துண்டு துண்டாகிக்கொண்டிருந்தது. இளமையில் தன்னை ஒளித்துவைத்துச் சோறு போட்ட மக்களின் பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்வதைப் பார்த்துக்கொண்டே அவர் அந்தப் பக்கங்களை எழுதியிருக்கிறார்.

அவரைத் திரையில் பார்க்க முடியுமா?

1984ல் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பிய 'ஆப்பிரிக்கா' என்ற எட்டுப் பகுதித் தொடரை அவரே எழுதி, அவரே முன்னின்று நடத்தினார். நரைத்த தலையோடு வெயிலில் நின்று, அலட்டல் இல்லாமல் பேசுவார்.

எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

வரலாறு பிடிக்குமென்றால் 1959ல் வந்த பழைய ஆப்பிரிக்கா புத்தகம். அமெரிக்கப் பதிப்பில் அதன் தலைப்பு 'ஆப்பிரிக்காவின் தொலைந்த நகரங்கள்' என்று பொருள்படும். சில காலக் கணக்குகளைப் பிந்தைய ஆய்வு திருத்திவிட்டது, அதைப் பொருட்படுத்தாமல் படிக்கலாம். அரசியலில் ஆர்வமுள்ளவர்கள் 1992 புத்தகத்துக்கு நேராகப் போங்கள். மனிதரைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் 1980ல் அவர் எழுதிய போர்க்கால நினைவுகளை எடுங்கள். நான் அதைத்தான் முதலில் படித்தேன். ஆப்பிரிக்கப் புத்தகங்களுக்குப் பிறகுதான் வந்தேன்.